அட்டைக்கடியும் அசிட்ரோமும்: ‘ரத்தம் மெலியும்’ மாத்திரையில் எங்கே கவனம் வேண்டும்?

போடிநாயக்கனூரிலிருந்து அதிகாலையிலேயே ஜீப்புகள் போடிமெட்டு ஏறிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு மழைக்காலத்தில் அட்டைக்கடி சாதாரணம். அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் கசிந்துகொண்டே இருக்கிறது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தி, மாத்திரையில் இருப்பவருக்கு அந்தக் கசிவு இன்னும் நீளும்.

ரத்தம் மெலியுது என்பது பேச்சுவழக்குதான். உண்மையில் ரத்தம் உறைய எடுக்கும் நேரமே கூடுகிறது. வார்ஃபரினும் அசெனோகூமராலும் (‘அசிட்ரோம்’ என்றால்தான் பலருக்குத் தெரியும்) வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை. அளவு குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டு, பக்கவாதம். கூடினால் மூளையிலோ குடலிலோ ரத்தக்கசிவு. இரண்டுக்கும் நடுவே நிற்கிறோமா என்று சொல்வது ஐ.என்.ஆர். பரிசோதனை. பெரும்பாலானோருக்கு 2 முதல் 3. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5.

பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று தள்ளிப்போடுவார்கள். ஆனால் ஐ.என்.ஆர். 5-ஐத் தாண்டினாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு யோசனை வரும்: “டெஸ்டே வேண்டாத புது மாத்திரை இருக்காமே, அப்பாவுக்கு மாத்திடலாமா?” டாபிகேட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் எல்லாம் காலில் ரத்தக்கட்டுக்கும், வால்வுக் கோளாறு இல்லாத சீரற்ற இதயத்துடிப்புக்கும் நல்ல மருந்துகள். உலோக வால்வுக்குக் கூடாது. அவர்களிடம் டாபிகேட்ரானைச் சோதித்த ரீ-அலைன் ஆய்வில் ரத்தக்கட்டு, கசிவு இரண்டுமே கூடியதால் அது பாதியில் நின்றது. முடிவு 2013-ல் வெளியானது. ருமாட்டிக் வால்வு நோயோடு சீரற்ற துடிப்பும் உள்ளவர்களைப் பார்த்த இன்விக்டஸ் ஆய்விலும் (2022), ரிவராக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய மாத்திரை எடுத்தவர்களிடமே இறப்பு குறைவு.

பெரிய ஆபத்து உடம்புவலிதான். மலை ஏறி இறங்கிய அசதிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வது இங்கே பழக்கம். அது வயிற்றில் ரத்தக்கசிவைக் கிளப்பும். ஊசி போட்ட தசையிலும் ரத்தம் கட்டும். மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரைப் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்பதுதான் தொல்லை.

ஒரு வேளை மறந்தால் அன்றைக்குள் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. பல் பிடுங்கவும் தானாக நிறுத்தக் கூடாது. ஜீப்பில் தலை இடித்தால், காயமே இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அட்டைக்கடிக்குச் சுத்தத் துணியை வைத்து 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்கவில்லையா, கீழே இறங்கிவிடுங்கள்.