சுவருக்குள் நிற்கும் தூண்கள்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள சிரகூசா நகரத் தலைமைத் தேவாலயத்தின் வெளிச்சுவரில், பருத்த கல்தூண்கள் பாதி புதைந்தபடி வரிசையாக நிற்கின்றன. அலங்காரத்திற்காக ஒட்டப்பட்டவை அல்ல அவை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் அதீனா என்ற பெண் தெய்வத்திற்கு எழுப்பிய கோயிலின் தூண்கள்!

கோயில் எப்படித் தேவாலயமானது? கிரேக்கக் கோயில் தெய்வம் குடியிருக்கும் வீடு. நடுவே தெய்வச் சிலை வைத்த அறை. அதைச் சுற்றித் தூண்கள். பலிபீடம் வெளியே திறந்தவெளியில் இருந்தது. மக்கள் அங்குதான் கூடினர். நம் கோயில்களில் கருவறைக்குள் பக்தர்கள் நுழையாததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தேவாலயமோ மக்கள் உள்ளே கூடி வழிபடும் மண்டபம்.

ஆகவே 7-ஆம் நூற்றாண்டில் இக்கட்டடத்தின் அமைப்பையே தலைகீழாக்கினார்கள். வெளித்தூண்களுக்கு இடையே இருந்த திறந்த பகுதிகளைச் சுவர் வைத்து அடைத்தார்கள். உள்ளறையின் பக்கச் சுவர்களைக் குடைந்து வளைவுகள் அமைத்தார்கள். மூடியிருந்தது திறந்தது, திறந்திருந்தது மூடியது. கிழக்கு நோக்கியிருந்த வாயிலும் மேற்குக்கு மாறியது.

878-இல் அரபியர் நகரைக் கைப்பற்றியபின் இது பள்ளிவாசலானது. 11-ஆம் நூற்றாண்டில் நார்மானியர் மீண்டும் தேவாலயமாக்கினர். 1693-இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திற்குப் பிறகு, 18-ஆம் நூற்றாண்டில் இன்றைய முகப்பு கட்டப்பட்டது. தூண்கள் மட்டும் நகரவில்லை.

இம்மாற்றத்தை அழிவு என்பதா, பாதுகாப்பு என்பதா? அதே தீவின் அக்ரிஜெந்தோ நகரம் நமக்கு ஒரு விடை தருகிறது. அங்கே தேவாலயமாக மாற்றப்பட்ட கொன்கோர்தியா கோயில் ஏறக்குறைய முழுமையாக நிற்கிறது. அதன் அருகிலிருந்த மாபெரும் சியூஸ் கோயிலோ கற்குவியலாகக் கிடக்கிறது. அதன் கற்கள் 18-ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்ட எடுத்துச் செல்லப்பட்டன. பயன்பாட்டில் இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்க ஆள் இருந்தது. கைவிடப்பட்டது கல் எடுக்கும் இடமானது.

ஆனால் காப்பாற்றப்பட்டது கல் மட்டுமே என்பதையும் மறக்கலாகாது. அதீனாவின் சிலை இல்லை, வழிபாடும் இல்லை. கோயில் கதவுகளிலிருந்த தங்க, தந்த வேலைப்பாடுகள் அதற்கும் முன்பே போயின. அவற்றைப் பெயர்த்தெடுத்தவன் வேற்று மதத்தவன் அல்லன்; அதே தெய்வங்களை வணங்கிய உரோம ஆளுநன் வெர்ரெஸ். கி.மு. 70-இல் சிசரோ அவன்மீது வழக்குத் தொடுத்தபோது இக்கொள்ளையையும் சுட்டிக்காட்டினார். ஆக, மதம் மாறியதால் மட்டுமே கோயில்கள் சிதைந்தன என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எது எஞ்சியது, எது போனது என இரண்டையும் கணக்கில் எடுப்பதே வரலாற்றைப் படிக்கும் நேர்மை.

நண்பர்களே, என்றேனும் சிரகூசா செல்ல நேர்ந்தால், முகப்பைப் படம் பிடித்ததோடு திரும்பிவிடாதீர்கள். இடப்பக்கத் தெருவிற்குள் சென்று அந்தத் தூண்களைப் பாருங்கள். அத்தெருவின் பெயர் மினெர்வா. அதீனாவுக்கு உரோமர் வழங்கிய பெயர்!