சிறார் துயிலில் நீர் கழித்தல்

நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கும் சிறுவனைக் கண்டு நகையாதார் சிலரே. வீட்டார் வைவர், உடன்பிறந்தார் எள்ளுவர், விடுதியாயின் தோழர் பட்டப்பெயரும் சூட்டுவர். அவன் செய்த குற்றம் யாதென ஆராயுங்கால், துயின்றான் என்பதன்றி வேறொன்றும் காணோம். நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் விடுதிக் கண்காணிப்பாளராகவும் பெற்றோராகவும் ஆவராதலின், இப்பொருள்பற்றிச் சில கூறுவாம்.

ஐந்து வயதுவரை இரவில் பாய் நனைதல் இயல்பேயாம். அவ்வயதினருள்ளும் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் நனைப்பர். அவருட் சிலர் ஆண்டுதோறும் மருந்தின்றியே நலமுறுவர். இதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. இரவில் சிறுநீர்ப் பெருக்கைக் குறைக்கும் வாசோபிரசின் என்னும் சுரப்பு சிலர்க்குப் போதிய அளவில் உண்டாவதில்லை. சிலர்க்கு நீர்ப்பை சிறிதளவு நிறைந்தவுடனே சுருங்கிவிடும். மூன்றாவது, நீர்ப்பை நிறைந்தது என்னும் செய்தி துயிலும் மூளையை எழுப்பாமை. இவற்றுள் ஒன்றேனும் சோம்பலன்று, பிடிவாதமுமன்று. பெற்றோர் இளமையில் இவ்வாறு இருந்திருப்பின் மக்கட்கும் அது வருதல் மிகுதி. ஆகவே, மகனை அடிக்கக் கையோங்கும் தந்தையார் முதற்கண் தம் அன்னையாரை வினவி அறிதல் நன்று!

பகலில் ஆடை நனைதலோ வேறு வகையது. விளையாட்டில் மூழ்கிய சிறார் காலைப் பின்னிக்கொண்டு சிறுநீரை அடக்குவர். பள்ளிக் கழிப்பிடம் தூய்மையற்றதாயின் அருவருத்தும் அடக்குவர். வெளியே செல்ல விடைகேட்கும் சிறுவனை அமரச்செய்யும் ஆசிரியரும் இதற்குத் துணையாவர். மலச்சிக்கலும் ஒரு காரணம். நிறைந்த குடல் நீர்ப்பையை நெருக்குமன்றோ?

செய்யத்தக்கன யாவை? பகலில் நீர் நன்கு பருகுவித்து, படுக்குமுன் குறைத்தல்; இரண்டு மூன்று மணிக்கொருமுறையும், துயிலச் செல்லுமுன்னும் சிறுநீர் கழிக்கப் பழக்குதல்; காய்கனி உண்பித்து மலச்சிக்கலை நீக்குதல்; மாலையில் காப்பியும் தேநீரும் விலக்குதல் என்பன.

இவற்றால் தீராவிடின் மணிக்கருவி உண்டு. 1904-இல் பவுண்ட்லர் என்னும் குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்ததைச் செவிலியர்க்கு அறிவித்தற்பொருட்டு மின்மணி ஒன்றை அமைத்தார். நாளடைவில் அம்மணியோசையே குழந்தைகளைத் திருத்தக் கண்டார். 1938-இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் அதனை முறைப்பட்ட சிகிச்சையாக்கினர். சில வாரம் பொறுமையுடன் கையாளின் பெரும்பாலோர் பயனடைவர். மருத்துவர் தரும் மருந்தும் உண்டு.

ஆறு திங்கள் நனையாதிருந்த குழந்தை மீண்டும் நனைப்பினும், மிகுந்த நீர்வேட்கை, காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியன தோன்றினும் தாழாது மருத்துவரை நாடுக. நீரிழிவோ, நோய்க்கிருமியோ, மனத்துயரோ காரணமாயிருத்தல் கூடும்.

விடுதிப் பொறுப்பேற்கும் அன்பர்காள்! பிறர் எழுமுன் அச்சிறுவனை எழுப்பி, மாற்றுடை தந்து, பாயை ஒருபுறம் உலர்த்த உடனிருந்து உதவுங்கள். பாய் ஒரு பகலில் உலரும்; பலர்முன் பட்ட நாணமோ நெடுநாள் நிற்கும்.