கால்சியம் போடும் முடிச்சு

2019ஆம் ஆண்டு லண்டன் மராத்தானில், களைத்து ஓடிவந்தவர்களுக்கு வழியில் பாட்டிலுக்குப் பதிலாகச் சிறு பைகள் தரப்பட்டன. உள்ளே பானம். கடித்து உறிஞ்சியபின் தோலையும் விழுங்கலாம். கீழே போட்டாலும் சில வாரங்களில் மக்கிவிடும். 30,000க்கும் மேற்பட்ட பைகளைச் செய்து கொடுத்த நாட்பிளா நிறுவனம் 2022இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசு பெற்றது.

அந்தத் தோலின் மூலப்பொருள் பழுப்புக் கடற்பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் மூழ்கி அறுத்துவரும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் அந்த இனம்தான். பாசியைச் சோடா கரைசலில் ஊறவைத்தால் ஆல்ஜினேட் என்ற பொருள் பிரிந்து வரும். 1880களிலேயே வேதியியலாளர் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்டு ஸ்காட்லாந்துப் பாசியிலிருந்து இதைப் பிரித்துவிட்டார்.

சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கலக்கினால் வழவழப்பான கூழ் கிடைக்கும். அதைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டால், விழுந்த கணமே ஒவ்வொரு சொட்டும் உருண்டு மணியாகிவிடும். உடனே எடுத்து அழுத்தினால் மெல்லிய தோல் கிழிந்து கூழ் பீறிடும். ஊறவிட்டு எடுத்தால் உள்வரை கெட்டிப்பட்டிருக்கும். சூடு வேண்டாம், அழுத்தம் வேண்டாம்.

ஆல்ஜினேட் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதில் இரண்டே வகைக் கண்ணிகள்: மானுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம். குலுரோனிக் தொடர்ந்து வரும் இடத்தில் சங்கிலி மடிந்து மடிந்து போகும். இரு சங்கிலிகள் எதிரெதிரே நிற்க, மடிப்புக் குழிகளில் கால்சியம் அயனிகள் முட்டை அட்டையில் முட்டைபோல் அமர்ந்து இரண்டையும் பிணைத்துவிடும். குலுரோனிக் மிகுந்தால் பொருள் விறைப்பு. மானுரோனிக் மிகுந்தால் நெகிழ்வு.

என்னை மலைக்க வைப்பது இதற்கு அடுத்த செய்தி. பாசி முதலில் முழுக்க மானுரோனிக் சங்கிலியைத்தான் பின்னுகிறது. பிறகு ஒரு நொதி வந்து, சங்கிலியை அறுக்காமலே, வேண்டிய கண்ணிகளை மட்டும் குலுரோனிக்காகத் திருப்பிவிடுகிறது! வடகடல் பாசி ஒன்றில், நிமிர்ந்து நிற்கவேண்டிய தண்டில் குலுரோனிக் அதிகம். அலையோடு வளையவேண்டிய இலையில் குறைவு. இதே வகை நொதிகளைப் பாக்டீரியாவிலிருந்து எடுத்து, வேண்டிய விறைப்புள்ள ஆல்ஜினேட்டை ஆய்வகத்தில் வடிவமைக்கிறார்கள்; நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள்.

கால்சியம் போட்ட முடிச்சைச் சோடியம் அவிழ்த்துவிடும். புண்ணுக்குக் கட்டும் ஆல்ஜினேட் பஞ்சுக்கு இதுவே வரம்: காயத்தில் கசியும் நீரிலுள்ள சோடியம் ஏறி, இழை கூழாக உப்பி, புதுத்தோலைப் பிய்க்காமல் கழன்று வரும். உப்புப் பண்டம் கட்டும் உறைக்கு அதுவே குறை. நீராவியும் எளிதில் ஊடுருவும். உலர்ந்தால் வெடிக்கும், அதனால் கிளிசரின் சேர்க்கிறார்கள். ஆகவே பிளாஸ்டிக் முழுவதற்கும் இதுவே மாற்று என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் ஐந்து நிமிடம் பயன்பட்டுக் குப்பைக்குப் போகும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது.

நம் கடலில் மிதவை கட்டி வளர்ப்பது பெரும்பாலும் கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி. அது தருவது கராஜீனன். ஆல்ஜினேட் தரும் கட்டக்கோரையோ பவளப்பாறையில் தானாக முளைப்பது. பற்றுவேரை விட்டு மேலே அறுத்தால் மறுபடி தழைக்கும். தேவை பெருகினால் அப்படிப் பார்த்து அறுக்கும் நிதானம் நிற்காது. கட்டக்கோரையையும் வளர்க்கும் வழியை இப்போதே தேடியாக வேண்டும்.