பாட்டு எப்பங்க வரும்?

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் போட்டால் இரண்டாவது நிமிடத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். பேக்கரியில் டீ ஆறும் வரைக்கும் கேளுங்க என்று இயர்போனைக் கொடுத்தபோது, பவர் டேபிள் என்ற தையல் கூடம் நடத்தும் தம்பி ஒருவரும் இதையேதான் கேட்டார். நியாயமான கேள்வி. அவசரமாகப் பதில் சொன்னால் கேட்டவருக்கு அந்த இசை மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. முன்னிசை முடிந்ததும் குரல் வரும். பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி. குரல் போகிற பக்கமே நாமும் போவோம். மற்ற வாத்தியங்கள் குரலுக்குத் துணை என்று மனசு முடிவு செய்துவைத்திருக்கிறது. 1986இல் வந்த இந்த ஆல்பத்தில் அப்படிப் பற்றிக்கொண்டு போக ஒரு பாடகர் இல்லை. படம் இல்லை, இயக்குநர் சொன்ன காட்சியும் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் யோகான் செபாஸ்டியன் பாஹுக்கும் காணிக்கையாக இளையராஜா எழுதிய பத்து உருப்படிகள், அவ்வளவுதான். முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன், பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற குழுவைத் தொடங்கியவர்.

புதிதாக இருக்கிறது என்கிறீர்கள். பாலு மகேந்திராவின் ‘வீடு’ பார்த்திருக்கிறீர்களா? 1988இல் வந்த படம், பாட்டே கிடையாது. அதன் பின்னணியில் வருவது இந்த ஆல்பத்து இசைதான். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் யாரும் பாட்டு எப்போது வரும் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆக, இந்த இசையை வாங்கிக்கொள்ளும் சக்தி நம்மிடம் முன்பே இருக்கிறது. திரை இல்லாமல் கேட்கும் பழக்கம்தான் வரவில்லை.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாஹை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பெயர். பாஹ் 1720 வாக்கில் தனி வயலினுக்கு எழுதிய ஒரு முன்னிசைப் பகுதி இதற்கு அடிப்படை. மூச்சு விடாமல் ஓடுகிற ஒற்றை வயலின் அது. அந்த ஓட்டத்தோடு இளையராஜா தன்னுடைய வரிகளையும் சேர்த்து ஓடவிடுகிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் தலை சுற்றும். முதல் தடவை வயலினை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை வயலினை விட்டுவிட்டு, அடியில் போகும் கனத்த தந்திகளை மட்டும். மூன்றாவது தடவையில் இரண்டும் தானாகச் சேர்ந்து கேட்கும். எனக்கு அப்படித்தான் திறந்தது. யாருக்கு யார் துணை என்ற கேள்வியே அங்கே விழுந்துபோகிறது. விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘மேட் மாட் மூட் ஃபியூக்’ இன்னும் கொஞ்சம் கடினம். ஃபியூக் என்பது ஒரு வடிவம்: ஒரு வாத்தியம் ஒரு சிறு மெட்டைச் சொல்லும், அது முடிந்ததும் இன்னொன்று அதே மெட்டோடு வேறு சுருதியில் உள்ளே வரும், முதலாவது நிற்காமல் வேறு ஏதோ சொல்லிக்கொண்டே போகும், பிறகு மூன்றாவது. அந்த மெட்டு ஒவ்வொரு முறை நுழையும்போதும் அடையாளம் கண்டால் போதும்.

இனி, திருப்பூர்க்காரர்களுக்கென்று ஒரு விஷயம். அமெரிக்காவில் ஸ்டீவ் ரைக் என்ற இசையமைப்பாளர், சான் பிரான்சிஸ்கோ தெருவில் நோவாவின் வெள்ளத்தைப் பற்றிப் பேசிய ஒரு போதகரின் குரலைப் பதிவு செய்தார். அதில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு டேப் ரெக்கார்டர்களில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஒன்று மயிரிழை வேகமாக ஓடியது. சேர்ந்திருந்த குரல்கள் மெல்ல விலகின. அதிலிருந்து 1965இல் பிறந்தது ‘இட்ஸ் கானா ரெய்ன்’. இது ஏதோ அந்நியச் சோதனை என்று தோன்றும். பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தையல் போடும் இரண்டு ஓவர்லாக் மிஷின்களுக்கு நடுவில் நின்று பாருங்கள். கொஞ்ச நேரம் சேர்ந்து தட்டும், பிறகு ஒன்று முந்தும், இடையில் மூன்றாவதாக ஒரு தாளம் கேட்கும், மறுபடி சேரும். ரைக் செய்தது இதைத்தான். அந்த இரைச்சலையே சங்கீதம் என்று கொண்டாட எனக்கு மனம் வராது. அதில் வருஷக்கணக்கில் நின்று செவி மந்தமானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் மாறாத சத்தத்துக்குள் சின்ன மாற்றத்தைப் பிடிக்கிற காது இந்த ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர் பேசிக்கொண்டே இருப்பார். சத்தம் துளி மாறினால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். அந்தக் காதுதான் இந்த இசைக்கு வேண்டியது.

அதே ரைக்கின் ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’ 1976இல் நியூயார்க்கில் அரங்கேறியது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பதினோரு ஸ்வரக் கூட்டுகளை முதலில் வரிசையாகக் காட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக விரிக்கிறது. பியானோவும் மரிம்பாவும் நிற்காமல் தட்டிக்கொண்டிருக்க, கிளாரினெட்காரர்களும் பாடுகிறவர்களும் ஒரு மூச்சு தாங்கும் வரை மட்டுமே துடித்து அடங்குகிறார்கள். முதல் பத்து நிமிஷம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த மூச்சைக் கவனித்த பிறகு, மிஷின் போன்ற இசைக்குள் மனுஷர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் கேட்டவற்றில் இதற்கு நிகராக வைக்க அதிகம் இல்லை.

குரல் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ இருக்கிறது. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த பெண், 2007இல் அம்மாவின் பெயரை வைத்து வெளியிட்ட ஆல்பம். அதில் ‘பர்ட் ஃப்ளூ’ முழுக்க உறுமி. மாரியம்மன் நோம்பியில் ஜமாப் மேளம் கேட்டு ஆடிய கால்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. 2019இல் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் கொண்டுவந்த ‘தெருக்குறள்’, படத்தை நம்பாமல் சொந்தக் காலில் நிற்கும் தமிழ் ஆல்பம்; கோபத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பாட்டுகள் சினிமாவில் அரிது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், ‘ஹவ் டு நேம் இட்’ போதும். ஞாயிற்றுக்கிழமை லீவில், வீட்டில் இருக்கும் நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்; போன் ஸ்பீக்கரில் அடித் தந்திகள் கேட்கவே கேட்காது. ஒரே மூச்சில் பத்தும் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு. மூன்று வாரம் கேட்டும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிட்டு, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு இளையராஜா 1988இல் தந்த ‘நத்திங் பட் விண்ட்’ கேளுங்கள். அது இன்னும் இளக்கமானது. துணிச்சலில் முதலாவதற்கு ஒரு படி கீழேதான், ஆனால் புதிய காதைச் சீக்கிரம் உள்ளே அழைத்துக்கொள்ளும்.