மரத்துக்காக அழுவதும் பற்றுதானா?

இரணியாக்ஷன் கவர்ந்து சென்று நீருக்குள் மறைத்த பூமிப்பிராட்டியை, வராக உருவெடுத்து மீட்ட பெருமான் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகனாக எழுந்தருளியிருக்கிறான். தானே தோன்றிய எட்டுத் திருத்தலங்களுள் இது ஒன்று. சாளக்கிராமத் திருமேனி, இடுப்பில் ஊன்றிய திருக்கரங்கள். உடல் மேற்கு நோக்கியிருக்க, திருமுகம் தெற்கே திரும்பியிருக்கும். அவனது வியர்வை நித்திய புஷ்கரிணியாயிற்று என்றும், திருவிழிகளினின்று அரசும் துளசியும் தோன்றின என்றும் தலபுராணம் கூறும். பூமி மீண்டதற்கு அடையாளமாக இத்தலம் காட்டுபவை ஒரு குளமும் ஒரு மரமும் ஒரு செடியுந்தாம்.

ஆகவே குளமும் மரமும் அழிந்ததை எண்ணிக் கலங்கும் முதியோர் இச்சந்நிதியில் நாணவேண்டியதில்லை. பல்லாண்டு கழித்துப் பிறந்த ஊருக்குச் செல்கிறார்கள். நீந்திப் பழகிய ஏரி வீட்டுமனைகளாகிவிட்டது. ஊஞ்சல் கட்டிய புளியமரம் சாலை விரிவாக்கத்தில் போய்விட்டது. திரும்பி வந்தபின் உணவு இறங்குவதில்லை. "மரத்துக்குப் போய் யாராவது அழுவார்களா?" என்பர் வீட்டார். "இந்த வயதிலுமா பற்று?" என்று வேதாந்தம் பேசுவோரும் உளர். இந்த இரண்டாவது சொல்லே அதிகம் சுடுகிறது.

கடலூர் மாவட்டத்தார்க்கு இத்துயர் புதிதன்று. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரை கடந்தபோது, பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பாட்டன் நட்ட பலாவில் பேரன் பழம் உண்ணும் நாடு பண்ருட்டிச் சீமை. நெல் போனால் அடுத்த பருவம் உண்டு. எழுபது வயதில் சாய்ந்த மரத்தருகே நின்றவர்க்கு அந்த ஆறுதலும் இல்லை. நிவாரணத் தொகை மரத்தின் விலைக்கு ஈடாகலாம், அதன் வயதுக்கு ஈடாகுமா?

புயல் ஒரே நாளில் செய்ததைச் சில இடங்களில் காலம் மெல்லச் செய்கிறது. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நீரின் அழுத்தம் சுரங்கத்தை உடைத்துவிடாதிருக்க, அந்நீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். இயந்திரமின்றித் தானே பொங்கிய ஊற்றுக் கிணறுகளை அவ்வட்டாரத்து முதியோர் இன்று கதையாகவே சொல்கின்றனர்.

ஊரைவிட்டு வந்தவர் ஊரை நினைத்து ஏங்குவது ஒருவகை. ஊரிலேயே இருப்பவர், ஊர் தம்மைவிட்டுப் போவதைக் கண்டு ஏங்குவது வேறுவகை. ஆஸ்திரேலியாவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹன்டர் பள்ளத்தாக்கு மக்களின் வேதனையைக் கேட்டறிந்த கிளென் ஆல்பிரெக்ட் என்னும் தத்துவ அறிஞர், இதற்கென 'ஸோலாஸ்டால்ஜியா' என்றொரு சொல்லையே ஆக்கினார். அவர் இதனை மனநோய் என்னவில்லை. வாழிடம் குலைந்தோர்க்கு இயல்பாக எழும் துயரம் என்றே கருதினார்.

தமிழ் மண்ணில் அதற்கு வெகுகாலம் முன்பே வள்ளலார் இருந்தார். நீரின்றி வாடும் பயிரைக் கண்டு தாமும் வாடிய அப்பெருமகனார் 1867-இல் தருமச்சாலை அமைத்த வடலூர், நெய்வேலிக்கு மிக அருகில் உள்ளது. 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கப் பணிக்காக வளையமாதேவியில் கதிர்விடவிருந்த நெல்வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. அக்காட்சியைக் கண்டு தமக்குக் கண்ணீர் வந்ததாக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே கூறினார். வள்ளலாரின் வாட்டம் பற்று அன்று, ஜீவகாருண்யம். நமக்கு மட்டும் அது எப்படிப் பற்றாகும்?

வைதிக நெறியும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. ரிக்வேதிகளுக்குரிய ஆச்வலாயன க்ருஹ்ய ஸூத்திரம், பிரம்மயக்ஞத்தில் தேவர்களையும் ரிஷிகளையும் பித்ருக்களையும் மட்டும் கூறி நிற்பதில்லை. நதிகள், மலைகள், வயல்கள், செடிகொடிகள், மரங்கள் ஆகியவையும் திருப்தியடையும்படி நீர் விடச் சொல்கிறது. அங்கே மரமும் தர்ப்பணத்துக்கு உரியதாகிறது. நாள்தோறும் இதைச் செய்பவர், மறைந்துபோன தம் ஊர் ஏரியை அந்த ஒரு கணம் மனத்தில் நிறுத்தினால் மந்திரத்துக்குக் குறை வராது. அது பழக்கமில்லாத இல்லங்களில் அரசமரத்தடியில் ஒரு குடம் நீர் ஊற்றலாம். பேரப்பிள்ளைகளிடம், "இந்தத் தெருவின் பெயர் ஏரிக்கரைத் தெரு, ஏரி இந்த இடத்தில்தான் இருந்தது" என்று சொல்லலாம். வாய்விட்டுச் சொல்லப்பட்ட துயரம் நெஞ்சைக் குறைவாகவே அறுக்கும்.

ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமான் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறான். அங்கே இஸ்லாமிய அன்பர்களும் அவனை வரவேற்று மரியாதை செய்வது நெடுநாள் வழக்கம். கிள்ளையை அடுத்தது பிச்சாவரம் அலையாத்திக் காடு. முன்னாளில் பெரும்பரப்பில் வெட்டப்பட்டதால் அங்குச் சில பகுதிகளில் மண் தாழ்ந்து, உப்புநீர் தேங்கி, செடி முளைக்காத வெளியாயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழி செய்து கன்றுகளை நட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாயிருந்தது. தீர்த்தவாரிக்குச் செல்லும் அன்பர்கள் திரும்பும் வழியில் அக்காட்டையும் ஒருமுறை கண்டு வரலாம்.