உள்ளிருந்து ஒரு குரல் – 9: சங்கிலியும் ஹாரனும்

தியாகதுருகம் வாரச்சந்தை கலைகிற நேரம். மினி லாரியில் ஆடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிடாய் மட்டும் பலகையில் முன்னங்காலை வைத்ததோடு நின்றுவிட்டது. காதைப் பிடித்து இழுத்தார்கள், பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள்; அசையவில்லை. ஒரு பெரியவர் வந்து, கதவில் ஆடிக்கொண்டிருந்த சங்கிலியை எடுத்து உள்பக்கம் போட்டார். கிடாய் தானாக ஏறியது.

எனக்கு டெம்பிள் கிராண்டின் ஞாபகம் வந்தது. 1947-ல் பிறந்த அமெரிக்கர், ஆட்டிசம் உள்ளவர், கால்நடை அறிவியல் பேராசிரியர். மாடுகள் எதற்கு மிரள்கின்றன என்று பார்க்க, 1970-களில் அரிசோனா பட்டிகளில் அவை நடக்கும் தடத்திலேயே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் படம் எடுத்தவர். தரையில் விழும் நிழல், தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய சட்டை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். அவருக்கே உலகம் அப்படித்தான் வந்து மோதும். பள்ளிக்கூட மணி அடித்தால், பல் மருத்துவரின் கருவி நரம்பைத் துளைப்பதுபோல் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். ஆட்டோடு மனிதரை ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். விலங்குகளோடு தன்னை ஒப்பிட்டவர் அவரேதான்.

சந்தையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். அம்மாவோடு உட்கார்ந்திருந்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தவன் சட்டென்று இரண்டு காதையும் பொத்தினான். சாலையில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏர்ஹாரன் அலற ஒரு பேருந்து வளைவில் திரும்பியது.

"அவனுக்குத்தான் மொதல்ல கேக்கும். சத்தம் ஆவாதுங்க" என்றார் அம்மா.

மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அடையாள அட்டைக்காகக் கள்ளக்குறிச்சி போகிறார்கள். உள்ளேயிருந்த தாளில், 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்'.

ஆட்டிசத்துக்கான இந்த அரசுச் சொல்லோடு எனக்குத் தீராத சண்டை. 1943-ல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் லியோ கன்னர், இவர்கள் வெளியுலகை ஒதுக்கித் தமக்குள் அடங்கியவர்கள் என்று பார்த்தார். அது வெளியே நின்றவர் போட்ட கணக்கு. உள்ளே இருப்பவர்கள் பலர் சொல்வது நேர்மாறு: புற உலகம் சல்லடையில்லாமல் மொத்தமாக வந்து கொட்டுகிறது. கர்நாடகத்தில் வளர்ந்த டிட்டோ முகோபாத்யாய் அதிகம் பேசாதவர், எழுதுபவர். சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும் உடம்பை ஒன்றுசேர்க்கத்தான் மின்விசிறி மாதிரி சுழன்றேன் என்று சிறுவயதில் ஒரு புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகம் 2000-ல் லண்டனில் வந்தது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-ல் இன்னொன்றைச் சுட்டினார். இவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கு மட்டும் இவர்களைப் புரிகிறதா?

'ஊனமுற்றோர்' என்பதை 2010-ல் 'மாற்றுத்திறனாளி' ஆக்கத் தெரிந்த அரசுத் தமிழ் இதில் மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?

"அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று அம்மா கேட்டார். ஆட்டிசத்தைத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

கள்ளக்குறிச்சி வண்டி வந்தது; நானும் ஏறினேன். பையனை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவர் ஓட்டுநரிடம் போனார்.

"அண்ணே, ஹாரன் கொஞ்சம் அடிக்காம போறீங்களா? புள்ளைக்கு ஆவாது."

ஓட்டுநர் கண்ணாடியில் பையனைப் பார்த்தார். "குறுக்க எவனாச்சும் வந்தா அடிப்பேன்மா" என்றார்.

தியாகதுருகத்தின் கோட்டை மலை பின்னால் போகும் வரை அடிக்கவில்லை. பையன் ஒரு கையைக் காதிலிருந்து எடுத்து ஜன்னல் கம்பியில் வைத்தான்.