மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தால்

திருப்பூரில் ஒரு வீட்டுப் பெரியவருக்கு மறதி நோய் வந்துவிட்டால், முதலில் நின்றுபோவது பெரும்பாலும் ஒரு தையல் மிஷின்தான். மகளோ மருமகளோ கம்பெனிக்குப் போவதை விட்டாக வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் குடும்பம் என்றால், வெளியூர் வியாபாரிகள் குவியும் நாளில் கல்லாவில் உட்கார ஆள் இருக்காது. அப்பா கதவைத் திறந்துகொண்டு எங்கேயாவது போய்விடுவாரோ என்ற பயத்தில் ஒருவர் வீட்டிலேயே கிடப்பார்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது குடும்பம்தான். நரம்பியல் மருத்துவரைச் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் பார்க்க முடிகிறது. தெருமுனை மெடிக்கலுக்கோ மாதம் இரண்டு மூன்று தடவை போகிறார்கள். டோக்கன் வேண்டாம், ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்தாலும் திறந்திருக்கும். பாரத்தில் ஒரு பங்கை இறக்கிவைக்க அதைவிட அருகில் வேறு இடம் இல்லை.

மருந்தாளுநரால் அப்படி என்ன செய்ய முடியும்? முதல் வேலை, வீட்டிலிருக்கும் மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டிப் பார்ப்பது.

சர்க்கரைக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு ஒருவர், மறதிக்கு இன்னொருவர் எழுதியவை எல்லாம் அந்தப் பையில் கிடக்கும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. மறதி நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டோனெபெசில், மூளையில் அசிடைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் காக்கிறது. அதன் பக்கவிளைவாகச் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். அதைச் சொன்னால் ஆக்ஸிபியூடினின் போன்ற மாத்திரை எழுதப்படுகிறது. அதுவோ அதே அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கிற மருந்து. பெரியவரின் குழப்பம் கூடுகிறது. நோய் முற்றிவிட்டது என்று குடும்பம் மனம் உடைகிறது. சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரையும் இதே வழியில் கெடுதல் செய்யக்கூடும். அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் பார்மசிஸ்டுக்கு இது கண்ணில் படும். தானே மருந்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. எழுதிய டாக்டருக்குப் போன் செய்து கேட்கலாம்; அந்த ஒரு போன் பல மாத அல்லாட்டத்தை முடித்துவைக்கலாம்.

மருந்தைக் கொடுக்கும் விதத்திலும் சொல்லித்தர நிறைய உண்டு. பெரியவர் விழுங்க மறுக்கிறார் என்று மாத்திரையைப் பொடித்துத் தயிர்ச் சோற்றில் பிசைந்து கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே சமயத்தில் இறங்கிவிடும். ரிவாஸ்டிக்மைன் ஒட்டுப்பட்டையில் ஆபத்து வேறு மாதிரி. பழையதை உரிக்காமல் புதியதை ஒட்டினால் அளவு மிஞ்சி வாந்தி வரும், நாடித்துடிப்பும் குறையலாம். வேளைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை நிரப்பக் கற்றுக்கொடுத்தாலே, ‘காலையில் கொடுத்தேனா இல்லையா’ என்கிற தவிப்பு தணியும்.

ஆஸ்திரேலியாவில் இது கடையோடு நிற்கவில்லை. டாக்டர் பரிந்துரைத்தால், பயிற்சி பெற்ற மருந்தாளுநர் வீட்டுக்கே வந்து எல்லா மருந்துகளையும் ஆராய்ந்து அவருக்கு அறிக்கை தருகிறார். அரசே கட்டணம் தரும் இந்தத் திட்டம் 2001 முதல் நடக்கிறது. இந்தியாவிலும் 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுமை நடைமுறை விதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே வகுத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. பலவற்றை நடத்துபவர்கள் பார்மசி படித்த இளைஞர்களே. மலிவான மருந்தோடு பத்து நிமிட ஆலோசனையையும் அங்கே முறையாகச் சேர்த்தால், அதற்குரிய ஊதியமும் கொடுத்தால், பெரிய உதவியாக இருக்கும்.

அதுவரை கேட்டுப் பெறுவதே வழி. கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில் போய், “ஏனுங்க, இங்க பார்மசிஸ்ட் யாருங்க?” என்று விசாரித்துப் பையை நீட்டலாம்.

பார்த்துக்கொள்பவரின் உடம்பையும் அந்த மேசையிலிருந்தே கவனிக்க முடியும். மாமியாருக்கு மருந்து வாங்க வரும் மருமகள், தனக்கென்று தலைவலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்குகிறார். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாத அந்தச் சோர்வு கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. “நீங்க தூங்கி எத்தனை நாளாச்சுங்க?” என்று அவர் கேட்க வேண்டும், முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 ஆகிய இலவச எண்களை மருந்து உறையின் மேலேயே எழுதிக் கொடுக்கலாம்.